தீசிஸ் கரெக்ஷனை யாரிடம் கொடுப்பது? கைடு முதல் ப்ராஜெக்ட் சென்டர் வரை ஓர் ஒப்பீடு

"அக்கா, தீசிஸ் கரெக்ஷனை யார்கிட்ட குடுக்கலாம்?" பிஎச்டி ஆய்வேட்டை முடிக்கப்போகும் ஏழெட்டுப் பேராவது வருடத்துக்கு என்னிடம் இதைக் கேட்கிறார்கள். கேட்கிற நேரமும் எல்லாருக்கும் ஒன்றுதான்: சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) போய்விட்டது, தீசிஸ் கொடுக்கக் கடைசித் தேதி கண்ணுக்குத் தெரிகிறது, கைடு (ஆய்வு வழிகாட்டி) முதல் சாப்டரைப் புரட்டிவிட்டு "இங்கிலீஷ் சரியில்லையேம்மா, யார்கிட்டயாவது காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். அந்த யாராவது யார் என்று மட்டும் அவர் சொல்வதில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கும். நேரம் குறித்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக் கொடுப்பார். இந்தியாவிலும் ஹரியானாவில் இருக்கும் அசோகா பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் உண்டு. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த பெரும்பாலான ஸ்காலருக்கு அப்படி ஓர் அறையும் இல்லை, ஆளும் இல்லை. கோர்ஸ்வொர்க்கில் ஆய்வு நெறிமுறைக்கு இரண்டு கிரெடிட் தாள் இருக்கிறது, நல்லதுதான், ஆனால் திருடாதே என்று சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் ஆளாளுக்கு ஒரு வழி தேடுகிறோம். நானும் தேடினேன், பணமும் விட்டேன்.

## எதை வைத்து அளப்பது

விலையை வைத்து முடிவு செய்பவர்கள்தான் அதிகம். விலை எனக்கு மூன்றாவது இடம்.

முதல் கேள்வி: திருத்தி வந்த பிறகு, அந்த வாக்கியத்துக்கு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நீங்கள் பதில் சொல்ல முடியுமா? அங்கே எடிட்டர் வரமாட்டார், சாட்ஜிபிடி வராது. எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) 84-ஆம் பக்கத்தைத் திறந்து "இப்படி ஏன் எழுதியிருக்கீங்க" என்று கேட்டால் நீங்கள் மட்டும்தான் நிற்பீர்கள்.

இரண்டாவது: உங்கள் சிக்கல் உண்மையிலேயே ஆங்கிலமா? இதில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். "இங்கிலீஷ் சரியில்லை" என்று கைடு சொல்வது பல சமயம் "என்ன சொல்ல வருகிறாய் என்றே புரியவில்லை" என்பதன் மரியாதையான வடிவம். ஒரு சோதனை சொல்கிறேன். டிஸ்கஷன் சாப்டரில் ஒரு பத்தியை எடுத்து, அதைத் தமிழில் உங்கள் அம்மாவுக்குச் சொல்லிப் பாருங்கள். தமிழிலும் தடுமாறினால் சிக்கல் கருத்தில் இருக்கிறது. இலக்கணம் திருத்துபவரால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தமிழில் சரளமாக வருகிறது, ஆங்கிலத்தில்தான் உடைகிறது என்றால் சரி, அது மொழிச் சிக்கல்தான், காசு கொடுத்துத் தீர்க்கலாம்.

மூன்றாவது முழுச் செலவு, அதாவது இரண்டாம் சுற்றுத் திருத்தம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து. நான்காவது நாள் கணக்கு. ஐந்தாவது, கோப்பு யார் யார் கைக்குப் போகிறது.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் ஓர் அட்டவணை:

| வழி | செலவு | நேரம் | எதற்கு உதவும் | எங்கே இடிக்கும் |
|---|---|---|---|---|
| கைடு, டிசி (டாக்டரல் கமிட்டி) உறுப்பினர் | இல்லை | வாரங்கள், சில சமயம் மாதங்கள் | கருத்து, அமைப்பு | காத்திருப்பு |
| சக ஸ்காலர்கள் | டீக்காசு | வாரம் ஒரு மணி நேரம் | தெளிவு | எல்லாரும் சேர்ந்தே தப்பு செய்யலாம் |
| ஆங்கிலத் துறை ஆசிரியர் | பேசிக்கொள்வது | 2–4 வாரம் | இலக்கணம் | துறைச் சொல் தெரியாது |
| எடிட்டிங் நிறுவனம் | அதிகம் | 1–3 வாரம் | மொழி, வடிவம் | விலை, அர்த்தம் மாறுவது |
| ஏஐ | இலவசம் அல்லது மாதச் சந்தா | நிமிடங்கள் | சிறு திருத்தம் | பொய் மேற்கோள், ஏஐ எழுத்தைப் பிடிக்கும் டிடெக்டர் |
| ப்ராஜெக்ட் சென்டர் | பேக்கேஜ் | "பதினஞ்சு நாள்ல முடிச்சிடலாம்" | எதற்கும் இல்லை | எல்லாவற்றிலும் |

## கைடும் டிசியும்

கருத்துச் சிக்கலுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, இலவசமும்கூட. ஆனால் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 ஸ்காலர்கள் வரை, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேரும் 200 பக்கத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்தால் அவர்தான் என்ன செய்வார்? பீரோ மேல் அடுக்கி வைப்பார்.

எனக்குப் பலித்த முறை இது. முழுச் சாப்டரை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஐந்து பக்கம், அதன் மேல் ஒரு தனித்தாளில் மூன்று கேள்வி: "சார், இரண்டாம் பத்தியில் நான் சொல்லும் காரணம் போதுமா?" என்கிற மாதிரி, ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி. "பார்த்துச் சொல்லுங்க சார்" என்று கொடுத்தால் மூன்று மாதம். கேள்வியோடு கொடுத்தால் அடுத்த வாரமே பென்சில் குறிப்போடு வந்துவிடும். டிசி உறுப்பினர்களையும் மறந்துவிடாதீர்கள், டிசி மீட்டிங்கில் கையெழுத்து வாங்குவதோடு பெரும்பாலோர் அவர்களை விட்டுவிடுகிறார்கள்.

## கூடப் படிப்பவர்கள்

மூன்று நான்கு பேர், வாரம் ஒரு நாள், ஆளுக்கு இரண்டு பக்கம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிப்பவர் எங்கே மூச்சு முட்டித் திரும்பிப் போய் முதலிலிருந்து வாசிக்கிறாரோ அந்த வாக்கியம் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் விதி. வேறு துறைக்காரர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. தீசிஸுக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன், இரண்டு மாதம் இருப்பவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

## காசு கொடுத்து ஒரு மனிதரிடம்

இதில் இரண்டு வகை. ஒன்று, தெரிந்த கல்லூரியில் ஆங்கிலத் துறையில் இருக்கும் ஒரு சார் அல்லது மேடம். கவரில் வைத்துக் கொடுப்பது, இல்லையென்றால் ஜிபே. இன்னொன்று, எடிட்டேஜ், எனாகோ போன்ற நிறுவனங்கள். சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு.

நிறுவனக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம். தீசிஸ் 60,000 சொல், சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 90,000. 18% ஜிஎஸ்டி 16,200. மொத்தம் 1,06,200 ரூபாய். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குபவருக்கே மாதம் 37,000தான், கிட்டத்தட்ட மூன்று மாத உதவித்தொகை. ஃபெலோஷிப் இல்லாமல், ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டு பார்ட் டைமில் செய்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதுவும் ஒரு சுற்றுக்குத்தான். எடிட்டிங் முடிந்த பிறகு கைடு ஒரு சாப்டரை மாற்றச் சொன்னால் (சொல்வார்) மாற்றிய பகுதிக்கு மறுபடியும் காசு கேட்கக்கூடும். ஒப்புக்கொள்வதற்கு முன்பே அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேற்கோள் பட்டியல், அட்டவணை, பின்னிணைப்பு எல்லாவற்றையும் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு அனுப்புங்கள், அதற்கெல்லாம் சொல்லுக்குச் சொல் காசு கொடுக்க வேண்டியதில்லை. முழுத் தீசிஸையும் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. அறிமுகமும் டிஸ்கஷனும் போதும்; மெத்தடாலஜி எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வாக்கியங்கள்தான்.

இப்போது என் கதை. என் ஆய்வு மண் வேதியியலில். மண்ணில் மொத்த மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைய இருக்கும், ஆனால் வேர் உறிஞ்சக்கூடியது அதில் ஒரு சிறு பங்குதான். அந்தச் சிறு பங்குக்குத்தான் எங்கள் துறையில் "அவெய்லபிள் பாஸ்பரஸ்" என்று பெயர். சோடியம் பைகார்பனேட் கரைசலில் பிரித்தெடுத்து அளப்போம், ஓல்சன் முறை என்பார்கள். நான் தீசிஸைக் கொடுத்த எடிட்டர் நல்ல ஆங்கிலக்காரர், காற்புள்ளி ஒன்றைக்கூட விடவில்லை. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று நினைத்தாரோ என்னவோ, பாதி இடங்களில் "அவெய்லபிள்" என்பதை "எக்ஸிஸ்டிங்" என்று மாற்றிவிட்டார். ஆங்கிலமாகப் பார்த்தால் குற்றமில்லை. மண் வேதியியலாகப் பார்த்தால் வேர் உறிஞ்சக்கூடியது போய், மண்ணில் இருப்பது மொத்தமும் என்று ஆகிவிட்டது. ஒரே அட்டவணைக்கு மேலே ஒரு பெயர், கீழே இன்னொரு பெயர். கோப்பில் ட்ராக் சேஞ்சஸ் (ஒவ்வொரு மாற்றத்தையும் தனியே காட்டும் வசதி) இருந்தது, நான்தான் "அக்செப்ட் ஆல்" அழுத்திவிட்டேன், இரவு பதினொன்றரை மணிக்கு. பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள் என் ஜூனியர் ஒருத்தி கண்டுபிடித்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி மாற்றினோம். கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் வைவாவில் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

அதனால் மனிதரிடம் கொடுப்பதென்றால்: ட்ராக் சேஞ்சஸ் போட்டுத் தரமாட்டேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். போட்டுத் தந்தால் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள், ஒரு சாப்டருக்கு ஒரு நாள் ஆகும், அந்த நாட்களையும் செலவுக் கணக்கில் சேருங்கள். ஆங்கிலத் துறை ஆசிரியரிடம் ஒரு வசதி, நேரில் உட்கார்ந்து "இது ஏன் சார் தப்பு" என்று கேட்கலாம். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டது பத்து வருடம் நிற்கும். சங்கடமும் உண்டு: அவர்களில் சிலருக்கு நம் ரிசல்ட் சாப்டர் வறண்டுபோய்த் தெரியும், கொஞ்சம் பூ வைத்து அனுப்புவார்கள்.

எதுவரை திருத்தலாம் என்பதற்கு நம் ஊரில் பொதுவான வரையறை எதையும் நான் பார்த்ததில்லை. ஆஸ்திரேலியாவில் எடிட்டர்கள் சங்கமே ஒன்றை வைத்திருக்கிறது: ஆய்வேட்டில் வெளி எடிட்டர் மொழியையும் வடிவத்தையும் மட்டும் தொடலாம், உள்ளடக்கத்திலும் அமைப்பிலும் கை வைக்கக் கூடாது, அது கைடின் வேலை. நம் ஊருக்கும் இது பொருந்தும். நன்றியுரையில் எடிட்டரின் பெயரைப் போடத் தயங்குகிறீர்கள் என்றால், அவர் எங்கோ கோட்டைத் தாண்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

## ஏஐ

எல்லாரும் பயன்படுத்துகிறார்கள், யாரும் சொல்வதில்லை. எல்சேவியர் போன்ற பெரிய பதிப்பகங்களின் நிலை எளிது: மொழியைச் சீர்செய்யப் பயன்படுத்தலாம், பயன்படுத்தியதைச் சொல்லிவிட வேண்டும், ஏஐயை ஆசிரியராகப் போடக் கூடாது. தீசிஸுக்கு உங்கள் பல்கலைக்கழகம் என்ன சொல்கிறது என்பதை ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "சீனியர் சொன்னாங்க" என்பது பிறகு செல்லாது.

எனக்குத் தெரிந்து சிக்கல் மூன்று இடத்தில் வருகிறது. மேற்கோள்: கேட்டால் இல்லாத கட்டுரையையும் ஆசிரியர் பெயர், வருடம், தொகுதி எண்ணோடு கொடுக்கும், பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து படிக்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். அடுத்தது நடை: "திருத்திக் கொடு" என்று சொன்னால் திருத்தாது, மாற்றி எழுதிவிடும், உங்கள் எளிய வாக்கியம் போய் "டெல்வ்" என்று ஆரம்பிக்கும் ஒன்று வந்து உட்காரும். "மாற்றி எழுதாதே, இலக்கணப் பிழைகளை மட்டும் வரிசையாகக் காரணத்தோடு சொல்" என்று கேளுங்கள், பிறகு உங்கள் கையாலேயே கோப்பில் திருத்துங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் வாக்கியம் உங்களுடையதாகவே இருக்கும்.

மூன்றாவது டிடெக்டர். இதில் நம்மவர்களுக்குத் தனி அநியாயம் ஒன்று இருக்கிறது. 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை 7 டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்களே எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61% ஏஐ எழுதியது என்று வந்தது. சொல்வளம் குறைவாக, ஒரே மாதிரி வாக்கியமாக எழுதுவது இயந்திரம் எழுதியது போல் தெரிகிறதாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயே தன் டிடெக்டரைத் துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆனாலும் உங்கள் கைடு ஒரு சதவீதத்தைக் காட்டிக் கேட்டால் இந்த வாதமெல்லாம் கைகொடுக்காது. பழைய கோப்புகள் கைகொடுக்கும். சாப்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று தேதி போட்டு ஒவ்வொரு வரைவையும் அழிக்காமல் வையுங்கள். கையெழுத்துக் குறிப்பு இருந்தால் அதையும்.

வெளியிடாத தரவையும், பேட்டன்ட் போட நினைக்கும் எதையும் ஏஐயில் ஒட்டாதீர்கள். ஒரு வார்த்தைக்காகக் கேட்பவர், ஒரு வாக்கியம் சிக்கிக்கொண்டு நிற்பவர், இரவு இரண்டு மணிக்கு வேறு யாரையும் கேட்க முடியாதவர், இவர்களுக்கு ஏஐ சரியான வழி. முழுச் சாப்டரை ஒட்டி "அகடமிக்கா மாத்து" என்பவருக்கு இல்லை.

## ப்ராஜெக்ட் சென்டர்

பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், பைண்டிங், டைப்பிங் என்று ஒரு பலகை. உள்ளே போனால் "டேட்டா அனாலிசிஸ், பேப்பர் பப்ளிகேஷன், தீசிஸ், எல்லாம் பேக்கேஜ்". டைப்பிங், பக்க எண், மார்ஜின், பைண்டிங் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள், அந்த வேலையில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். எழுதித் தருகிறேன் என்பதில்தான் பிரச்சினை.

இதை ஓர் வாய்ப்பாக இந்தப் பட்டியலில் சேர்க்கவே எனக்கு விருப்பமில்லை. ஆனால் கேட்பவர்களில் பாதிப் பேர் மனதில் இதுதான் இருக்கிறது, அதனால் சேர்க்கிறேன். என் ஜூனியர் ஒருவர் புள்ளியியல் சாப்டரை மட்டும் வெளியே கொடுத்து எழுதி வாங்கினார். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டது மிகச் சாதாரணக் கேள்வி: ஏன் டூ-வே அனோவா (இரண்டு காரணிகளைச் சேர்த்துப் பார்க்கும் புள்ளியியல் சோதனை), இரண்டாவது காரணி எது? ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் கைடே குறுக்கிட்டு ஏதோ சொல்லி நகர்த்தினார். பட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தை அந்த ஹாலில் இருந்த யாரும் மறக்கவில்லை, இன்டர்வியூவுக்குப் போகும் கல்லூரிகளில் அந்த ஹாலில் இருந்தவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவர்கள் விற்கும் இன்னொரு சரக்கு "பிளேஜியரிசம் (எழுத்துத் திருட்டு) குறைத்துத் தருகிறோம்". இது எப்படி நடக்கிறது தெரியுமா? பல இடங்களில் ஒரு மென்பொருள் சொல்லுக்குச் சொல் மாற்றுகிறது. 2021-இல் பிரான்ஸின் கியோம் கபனாக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் இப்படிச் சிதைந்த சொற்களை நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் தேடிப் பிடித்தார்கள்: ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் "கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்" ஆகியிருந்தது, பிரெஸ்ட் கேன்சர் "போஸம் பெரில்" ஆகியிருந்தது. சிரிப்பாக இருக்கிறது, உங்கள் பெயர் மேலே இருக்கும் வரை. தீசிஸ் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிவிடும், பத்து வருடம் கழித்தும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

தீசிஸ் பிறர் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்ற பயமே பாதி தேவையில்லாதது. யுஜிசி 2018 விதிப்படி ஒப்புமை 10% வரை தண்டனை எதுவும் இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். 40-க்கு மேல் 60 வரை ஒரு வருடத்துக்குத் திருத்திக் கொடுக்க முடியாது. 60-க்கு மேல் பதிவே ரத்து. மேற்கோள் பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, ஆதாரம் காட்டி மேற்கோள் குறிக்குள் எடுத்தவை எல்லாம் கணக்கில் வராது. முதல் ரிப்போர்ட்டில் 23% வந்துவிட்டது என்று அழுதுகொண்டு ஃபோன் செய்தவள் ஒருத்தியின் கோப்பைப் பார்த்தேன், மேற்கோள் பட்டியலை விலக்காமலே ஓட்டியிருக்கிறாள். விலக்கியதும் 9%.

சோதனையைப் பல்கலைக்கழக நூலகம் வழியாகவே செய்யுங்கள். ஷோத்சுத்தி திட்டத்தில் யுஜிசியின் இன்ஃபிளிப்நெட் மையம் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை பார்க்கும் மென்பொருள் கொடுக்கிறது. வெளியே ஒருவரிடம் கொடுத்தால், சில மென்பொருள்களில் கோப்பு சேமிப்பில் தங்கிவிடும். பிறகு பல்கலைக்கழகம் ஓட்டும்போது உங்கள் தீசிஸ் உங்கள் தீசிஸோடேயே ஒத்துப்போய் நிற்கும்.

## தமிழில் எழுதுபவர்களுக்கு

மேலே சொன்ன கடைகளும் நிறுவனங்களும் உங்களுக்குப் பெரிதாக உதவாது. எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி என்று இணையக் கருவிகள் இருக்கின்றன, இலவசம். ஆனால் "வேலை செய்தான்" சரியா, "வேலைச் செய்தான்" சரியா என்கிற மாதிரி இடங்களில் கடைசித் தீர்ப்பு ஒரு நல்ல தமிழாசிரியருடையதுதான். டைப்பிங்குக்குக் கொடுக்கும்போதே யூனிகோட் என்று சொல்லிவிடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கிவிட்டுக் கடைசி வாரத்தில் மாற்றினால் ஒற்றும் கொம்பும் இடம் மாறி, ஐம்பது பக்கம் மறுபடி பார்க்க வேண்டி வரும்.

## என்னைக் கேட்டால்

ஒரு வருடம் இருக்கிறது: சக ஸ்காலர் குழுவும் கைடும். கூடவே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகடமிக் ஃப்ரேஸ்பேங்க் என்ற இணையதளம், இலவசம். டிஸ்கஷனில் ஒரு முடிவை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்கும்போது அதைத் திறந்து பாருங்கள். மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணைய வகுப்புத் தளத்தில் எழுத்துக்கென்று வகுப்புகள் உண்டு, படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் பணம்.

இரண்டு மாதம், கையில் கொஞ்சம் பணம்: அறிமுகமும் டிஸ்கஷனும் மட்டும் எடிட்டருக்கு, மீதி நீங்களே, பிழை கண்டுபிடிக்க மட்டும் ஏஐ. இரண்டு மாதம், பணம் இல்லை: ஆங்கிலத் துறை ஆசிரியர் ஒருவரிடம் பத்துப் பக்கம் மட்டும் கொடுத்து, நீங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தப்பு எது என்று கேளுங்கள். ஆர்டிக்கிள், காலம், ஒருமை பன்மை என்று நாலைந்துதான் இருக்கும். மீதி 190 பக்கத்தை அந்த நாலைந்தை மட்டும் தேடி நீங்களே பார்த்துவிடலாம்.

இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் எக்ஸ்டென்ஷன் கேளுங்கள். ஆறு வருடக் கெடுவுக்குள் இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும், பெண்களுக்கு அதற்கு மேல் இரண்டு வருடம்வரை நீட்டிக்க விதியில் இடம் இருக்கிறது.

யாரிடம் கொடுத்தாலும், கோப்போடு ஒரு பக்கம் சேர்த்து அனுப்புங்கள்: எந்தெந்தச் சொல்லைத் தொடக் கூடாது என்று இருபது சொல், பக்கத்தில் ஒரு வரி விளக்கம். நான் இப்போது ஸ்காலர்களுக்குக் கொடுக்கும் மாதிரித் தாளில் முதல் வரியாக "அவெய்லபிள்" இருக்கிறது, சிவப்பு மையில்.